டேப்புக்குக் கீழே இரண்டு விளக்குகள்

எனக்கு டயர்க் கடை. என் கடைக்கும் பேரிங்கின் பட்டறைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அவர் அங்கே தும்மினால் நான் இங்கே மூக்கைத் துடைத்துக்கொள்வேன், அவ்வளவு பக்கம். அதனால் அந்த வாரம் அவர்கள் வீட்டில் நடந்ததில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. தெரியாமல் இருந்திருந்தால் நாலு நாள் ஒழுங்காகத் தூங்கியிருப்பேன்.

பேரிங் என்பது தெரு வைத்த பெயர். சக்கரம் எதன்மேல் உருளுகிறதோ அந்த இரும்பு வளையம்தான் பேரிங். அதை மாற்றுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தெருவில் போகிற வண்டியின் சத்தத்தைப் பட்டறைக்குள் இருந்தே கேட்டு, "முன்னாடி இடது பக்கம் ஊளையிடுது பாரு" என்பார். கழற்றிப் பார்த்தால் அதுதான் போயிருக்கும். வந்த வினையே அதுதான். முப்பது வருஷமாகச் சரியாகவே சொல்லிவந்த மனிதரிடம் நாம் வாயைத் திறந்து எதையும் சொல்ல முடியாது.

அவருக்கு ஒரு பழக்கம். புது பேரிங்கை பிரஸ்ஸில் வைத்து அழுத்திச் சக்கரத்துக்குள் இறக்கும்போது, அதன் விளிம்பில் பொறித்திருக்கும் நம்பர் வெளிப்பக்கம் பார்த்திருக்கும்படிதான் வைப்பார். "நாளைக்கு எவனோ ஒருத்தன் இதைக் கழட்டுவான். நம்பர் கண்ணுக்குத் தெரிஞ்சா, உடைக்கிறதுக்கு முன்னாடியே சரியான சாமானை வாங்கி வச்சுக்குவான். உள்பக்கம் போட்டா அவன் எப்படிப் படிப்பான், படுத்துக்கிட்டா?" என்பார். முகம் தெரியாத ஒரு மெக்கானிக்குக்காக இவ்வளவு யோசிக்கிற ஆள், பக்கத்துக் கடைக்காரனான எனக்கு ஒரு நாள் ஸ்பானர் இரவல் கொடுத்ததில்லை. அதை விடுங்கள்.

திங்கட்கிழமை காலையில் அவருடைய அக்கா காரைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினாள். அக்காவை எல்லாரும் வேன் அக்கா என்பார்கள். முதலில் வேன் ஓட்டினாள். அது போய் ஏழு பேர் உட்காரும் கார் வந்தும் பெயர் மட்டும் இறங்கவில்லை. காலையில் ஏழு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவாள். ஒரு சின்னதை மடியில் இடுக்கிக்கொள்ள ஆயா வேறு முன்சீட்டில். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் புருஷன் வீட்டில் ஒத்துவராமல் ஒரே ஒரு பையோடு தம்பி வீட்டுக்கு வந்தவள். இன்றைக்கு அதே வீட்டு மாடியில் தனி அறை, தனி அடுப்பு, தனிச் சாவி. எல்லாம் அந்த ஸ்டீயரிங் கொடுத்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வண்டிச் சோதனை. வருஷத்துக்கு ஒரு முறை பார்த்துச் சீட்டுக் கொடுப்பார்கள். அது இருந்தால்தான் பள்ளிக்கூடம் பிள்ளைகளை ஏற்ற விடும். இல்லையென்றால் அந்தப் பாதை வேறு ஆளுக்குப் போய்விடும். வேறு ஆளும் தயாராகத்தான் இருந்தான், வெள்ளைக் கார் ஒன்றைத் தினமும் கழுவித் துடைத்துப் பள்ளி வாசலிலேயே நிறுத்திக்கொண்டு.

எதற்கும் ஒரு தடவை எல்லாவற்றையும் பார்த்துவிடு என்றுதான் அக்கா காரைக் கொண்டுவந்தாள். பேரிங் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினார்.

"அக்கா, இது என்ன டேப்பு?"

"எது?"

"மீட்டர்ல கறுப்பா ஒட்டியிருக்கியே, இது."

"அதுவா... வெயில் பட்டுக் கண்ணு கூசுதுடா."

பேரிங் நகத்தால் டேப்பைச் சுரண்டி எடுத்தார். கீழே இரண்டு மஞ்சள் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஒன்று ஏபிஎஸ். இன்னொன்றில் சறுக்கிப்போகிற கார் படம் போட்டிருந்தது. சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்கிற டிராக்ஷன் கண்ட்ரோல்.

"எத்தனை நாளா எரியுது?"

"ரெண்டு வாரம் இருக்கும்."

"ரெண்டு வாரமா! டேப்பு போட்டு மறைச்சுட்டு ஏழு புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போற!"

"அதுங்கதான்டா கேட்டுக்கிட்டே இருக்குதுங்க. 'ஏன் லைட்டு எரியுது, வண்டி வெடிச்சிடுமா'ன்னு. ஒண்ணு அழவே ஆரம்பிச்சிடுச்சு. பிரேக்கு பிடிக்கத்தானே செய்யுது."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ கத்துவ."

"நான் எதுக்குக் கத்தப்போறேன்!" என்று பேரிங் கத்தியதில் என் கடையில் காற்றடிக்க வந்தவர் திரும்பிப் பார்த்தார். "மறைக்கிறது மாதிரி ஒரு தப்பு உலகத்துல கிடையாது, தெரிஞ்சுக்க. கெட்டுப்போனதைச் சரிபண்ணிடலாம். மறைச்சு வச்சதை என்ன பண்றது?"

அக்கா பிய்த்த டேப்பை அவர் கையிலிருந்து வாங்கி ஸ்டீயரிங் கம்பியில் ஒட்டிவைத்தாள்.

விளக்குகள் எப்போது எரிய ஆரம்பித்தன என்று பேரிங் விசாரித்தார். அக்கா யோசித்துச் சொன்னதில்தான் என் தலையும் மாட்டியது. இரண்டு வாரத்துக்கு முன் ஒரே நாளில் மூன்று பேர் அந்த வண்டியில் கைவைத்திருந்தோம். காலையில் பேரிங் முன் இடது சக்கர பேரிங்கை மாற்றினார். மத்தியானம் நான் முன்பக்கம் இரண்டு புது டயர் போட்டேன். சாயங்காலம் அவருடைய மச்சினன், சம்சாரத்தின் தம்பி, கார்களுக்கு வயரிங் வேலை பார்ப்பவன், பின்பக்கம் ஒரு கேமரா வைத்தான். பள்ளிக்கூடம் கேமரா கட்டாயம் என்று சொல்லியிருந்தது. மறுநாள் காலை முதல் டிரிப்பில் விளக்குகள் எரிந்தன.

"பேரிங் நான் போட்டது. அதை விட்டுடு," என்றார் பேரிங். மிச்சம் இருந்தது நானும் மச்சினனும்.

வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்கிற ஸ்கேனர் ஒன்றை இரவல் வாங்கிவந்து செருகிப் பார்த்தார். முன் இடது சக்கரத்திலிருந்து தகவலே வரவில்லை என்று அது சொன்னது. அக்காவுக்கு அவர் விளக்கிச் சொன்னதைத் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து நானும் கேட்டேன். "நாலு சக்கரமும் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு ஒரு பெட்டி கேட்டுக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு சக்கரத்துகிட்டயும் ஒரு சென்சார். நீ அழுத்தி பிரேக்கு போடறப்ப ஒரு சக்கரம் சுத்தாம இறுகிப்போச்சுன்னா, பெட்டி அதுக்கு மட்டும் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். வண்டி சறுக்காது. இப்ப ஒரு சக்கரம் பேசமாட்டேங்குது. அதான் பெட்டி ரெண்டு வேலையையும் நிறுத்திட்டு லைட்டைப் போட்டுடுச்சு."

"ஏன் பேசமாட்டேங்குது?"

"அதைத்தான் பாக்கணும்," என்று சொல்லி அவர் என் கடைப்பக்கம் திரும்பினார்.

செவ்வாய்க்கிழமை முழுக்க எனக்கு வந்த கோபத்தை எழுத ஆரம்பித்தால் வேறு எதையும் எழுத இடமிருக்காது. டயர் அளவு மாறினால் ஏபிஎஸ் குழம்பும் என்பது உண்மைதான். ஆனால் நான் போட்டவை இரண்டும் ஒரே அளவு, ஒரே தேதி. சுற்றளவை அளவு நாடாவால் அளந்து காட்டினேன். காற்றை அளந்து காட்டினேன். ம்ஹூம். பழைய டயர்களை மறுபடி மாட்டச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றார். மாட்டினேன். அக்கா தெருமுனைவரை ஓட்டிவிட்டு வந்தாள். விளக்குகள் எரிந்தன.

"டயர் இல்ல," என்றார் பேரிங், நான்தான் டயர் என்று சொன்னது மாதிரி. புதுசு இரண்டையும் மறுபடி மாட்டினேன்.

அடுத்து சென்சார். பழையதைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டார். எரிந்தது. புதுசே கெட்டதோ என்று கடைக்குப் போய்ச் சண்டைபோட்டு இன்னொன்று வாங்கிவந்தார். அதற்கும் எரிந்தது. ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, ஸ்கேனரை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். வலது சக்கரத்தைச் சுற்றினால் எண் ஏறி இறங்கியது. இடது சக்கரத்தைச் சுற்றினால் பூஜ்யம். பூஜ்யத்தையே பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் கடைக்கு வந்த இரண்டு பேர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"சென்சார் எதைப் பார்த்து எண்ணும்?" என்று கேட்டேன். கேட்டது என் தப்புதான்.

"முன்னெல்லாம் பல்லு வச்ச வளையம் இருக்கும். இதுல பேரிங்குக்குள்ளேயே வச்சுடறான், ரப்பர் மூடிக்குக் கீழ. புது பேரிங், புது வளையம். அதுல என்ன கெடும்? நீ எண்ணைப் பாரு."

சாயங்காலம் டிரிப் முடித்து அக்கா வந்தபோது அவருக்கு மண்டை காய்ந்துபோயிருந்தது.

"குழியில இறக்கியிருப்ப நீ. தடார்னு இறக்கி வயரை எங்கேயோ இழுத்து விட்டிருப்ப. அப்புறம் பயந்துக்கிட்டு டேப்பு போட்டிருப்ப."

ஒன்பது வருஷத்தில் அந்த வண்டியிலோ அதற்கு முந்தைய வேனிலோ ஒரு கீறல் விழுந்ததில்லை. எனக்குத் தெரியும், அவள் டயர்களைப் பார்க்கிறவன் நான். ஒரே சீராகத் தேயும். அக்கா தம்பியை ஒரு பார்வை பார்த்தாள்.

"நான் எந்தக் குழியிலயும் இறக்கல."

"அப்ப லைட்டு தானா எரியுதா?"

அவள் சாவியைப் பெஞ்சில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். கதவைச் சாத்துகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. அறைந்து சாத்தியிருந்தால் பேரிங்குக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

புதன்கிழமை மழை. மச்சினன் ரெயின்கோட்டோடு வந்து காருக்கு அடியில் படுத்தான். சக்கரத்திலிருந்து பெட்டிவரைக்கும் வயரை அங்குலம் அங்குலமாகக் கரண்டு மீட்டர் வைத்துப் பார்த்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான் என்றே சொல்லலாம். மத்தியானம் எழுந்து துடைத்துக்கொண்டு சொன்னான்:

"மாமா, வயரு சுத்தம். கரண்டு சென்சார்வரைக்கும் வருது. என் வேலையில தப்பு இல்ல."

"பின்னாடி கேமராவுக்கு எங்கேர்ந்து கரண்டு எடுத்த?"

"ரிவர்ஸ் லைட்டுலேர்ந்து. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல மாமா. நீங்க போட்ட பேரிங்கையும் ஒருவாட்டி..."

முழுதாகச் சொல்ல விடவில்லை. "எனக்கு பேரிங் சொல்லித் தர்றியா?" என்று பேரிங் கட்டிங் பிளையரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். டிக்கிக்குள் கையை விட்டார். கேமரா வயரை இரண்டு துண்டாக வெட்டி எடுத்து மச்சினன் காலடியில் போட்டார். "இப்பப் பாப்போம்."

சாவியைத் திருகி ஓட்டிப் பார்த்தார். எரிந்தது.

மச்சினன் வயர்த் துண்டைக் குனிந்து எடுத்துச் சுருட்டிப் பையில் வைத்தான். "வெள்ளிக்கிழமை கேமரா இல்லைன்னாலும் சீட்டு கிடைக்காது மாமா," என்று மட்டும் சொல்லிவிட்டு மழையில் போனான். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து ஒரு டியூபை எடுத்து, அதில் ஓட்டையே இல்லாதபோதும் தண்ணீரில் முக்கி முக்கிப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் அக்கா நனைந்துகொண்டு இறங்கினாள். முகம் வெளுத்திருந்தது.

"பள்ளிக்கூடத்து இறக்கத்துல ஒரு நாய் குறுக்க வந்துச்சு. பிரேக்கை அழுத்தினேன். சக்கரம் அப்படியே நின்னுடுச்சு, வண்டி நிக்கல. வழுக்கிக்கிட்டே போய் மதில்கிட்ட ஒரு சாண்ல நின்னுது. புள்ளைங்க எல்லாம் கைதட்டுதுங்க. இன்னொருவாட்டி போலாம்னு கேக்குதுங்க." அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "நாளைக்குக் காலையில இந்த வண்டியை எடுக்க மாட்டேன்டா."

பேரிங் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த மனிதருக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்துபார்த்துவிட்டார். தெரிந்தது தீர்ந்துபோனால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை டிரிப்புக்குத் தெரிந்தவர் ஒருவரின் வண்டியை இரவல் வாங்கிப் போய்வந்தாள் அக்கா. வந்ததும் நேராக மச்சினனுக்குப் போன் போட்டாள். நானும் பேரிங்கும் பக்கத்தில்தான் நின்றோம்.

"நேத்து நீ உங்க அக்காகிட்ட என்னமோ சொன்னியாமே. லைட்டோட வயரை வெட்டி பேட்டரி லைட்டோட சேர்த்துட்டா, சாவி போட்டா எரியும், இஞ்சின் ஓடினா அணைஞ்சிடும்னு... ஆமா. அதைச் செஞ்சு குடு. ...சோதனைக்காரன் பாக்கறப்ப எரியக் கூடாது, அவ்வளவுதான். அப்புறம் பாத்துக்கலாம்."

"அக்கா, அது ஏமாத்து," என்றார் பேரிங்.

"நீ சரி பண்ணிட்டியா? நாலு நாளா என்ன பண்ண? பண்ணு, அப்ப இது வேணாம்னு நானே சொல்லிடறேன்."

மச்சினன் வந்தான். மாமாவைப் பார்க்காமல், பார்த்துப் பேசவும் செய்யாமல், மீட்டர்ப் பலகையைக் கழற்றிவிட்டு ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டான். பழைய வண்டி, ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி வயர். இரண்டு மணி நேர வேலை என்றான். அக்கா பக்கத்தில் நின்று டார்ச் அடித்தாள்.

பேரிங்கின் சம்சாரம் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாள். பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. முன்னறையில் அவள் தையல் மெஷின், அதை ஒட்டி துணி வெட்டுகிற மேஜை. எனக்கும் சோறு போட்டாள். முட்டையும் இருந்தது. பேரிங் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார்.

மேஜையில் விரித்த துணிமேல் பழைய பேரிங் ஒன்று பாரத்துக்கு வைத்திருந்தது. காரிலிருந்து அவர் கழற்றிப்போட்டதுதான். குப்பையிலிருந்து பொறுக்கிக் கழுவிவைத்திருந்தாள். தட்டுக்கு இடைஞ்சலாக இருந்ததென்று நான் அதை எடுத்து இந்தப் பக்கம் வைத்தேன். வைத்ததும் அதில் ஒட்டியிருந்த குண்டூசிகள் நாலைந்து துணியில் சிதறின.

"அண்ணே, கவுத்து வச்சுட்டீங்க," என்றாள் அவர் சம்சாரம். "அதுல ஒரு பக்கம்தான் ஊசி ஒட்டும். இந்தப் பக்கம் மேல இருக்கணும். அந்தப் பக்கம் வச்சா ஒண்ணுகூட நிக்காது. ரெண்டு வாரமா எனக்கு ஊசி தேடற வேலையே இல்ல." பேரிங்கைத் திருப்பிவைத்துச் சிதறிய குண்டூசிகளை ஒவ்வொன்றாக அதன்மேல் போட்டாள். கறுப்பு ரப்பர் மூடியில் அவை பிடித்துக்கொண்டு நின்றன.

பேரிங்கின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

இடது கையை நீட்டி அதை எடுத்தார். ஊசி ஒட்டிய பக்கத்தைப் பார்த்தார். திருப்பி ஒட்டாத பக்கத்தைப் பார்த்தார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன, கறுப்பு ரப்பர், கறுப்பு ரப்பர். ஒரே ஒரு வித்தியாசம்.

"நம்பர் எந்தப் பக்கம் இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். அவர் குரலே இல்லை அது.

"ஊசி ஒட்டுற பக்கம்," என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. சுவர்க்கடிகாரத்தில் மணி ஒன்றேகால்.

கையைக் கழுவிவிட்டு, மெஷினிலிருந்து ஒரு முழம் நூலைப் பிய்த்து, ஒரு குண்டூசியைக் கட்டிக்கொண்டு எழுந்தார். நானும் போனேன். மச்சினன் தலை உள்ளே இருந்தது, அக்காவின் கவனம் டார்ச்சில் இருந்தது. பேரிங் வலது பக்கம் படுத்து சென்சாரைக் கழற்றினார். அந்த ஓட்டைக்குள் ஊசியை விட்டார். ஊசி உள்ளே ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒட்டிக்கொண்டது. நூலை இழுத்துத்தான் பிடுங்கவேண்டியிருந்தது. இடது பக்கம் வந்தார். சென்சாரைக் கழற்றி ஊசியை விட்டார். அது நேராகத் தொங்கியது. ஆட்டினார். ஆடிவிட்டு மறுபடி நேராகத் தொங்கியது.

வளையத்தில் பல் இல்லை, காந்தம். அதுவும் ஒரே பக்கம். சென்சார் உள்பக்கம் இருக்கிறது. காந்தத்தை அவர் வெளிப்பக்கம் வைத்து இறக்கியிருக்கிறார். நம்பர் தெரிகிற மாதிரி, அடுத்தவன் படிக்கிற மாதிரி.

காருக்கு அடியில் படுத்தபடியே என் சட்டையைப் பிடித்து இழுத்து, "வாயைத் திறக்காதே," என்றார். "ஞாயித்துக்கிழமை நான் சத்தமில்லாம மாத்திடறேன்."

நான் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். என் டயரைக் கழற்றவைத்த மனுஷன். தடுப்பில் ஏறி நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூவியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபிறகு எனக்கு வரவில்லை. இரண்டு சென்சாரையும் பழையபடி மாட்டிவிட்டுப் பட்டறை பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். அவர் ஒரு துணியை எடுத்து, துடைத்த ஸ்பானர்களையே மறுபடி மறுபடி துடைத்தார்.

மூன்று மணிக்கு மச்சினன் வெளியே வந்தான். "முடிஞ்சுது. ஸ்டார்ட் பண்ணுங்க அக்கா."

அக்கா உட்கார்ந்து சாவியைத் திருகினாள். எல்லா விளக்குகளும் எரிந்தன. இஞ்சினை ஓடவிட்டாள். எல்லாம் அணைந்தன. அந்த இரண்டும்கூடத்தான். கம்பெனியிலிருந்து வந்த நாள் மாதிரி மீட்டர் சுத்தமாக இருந்தது.

மச்சினன் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. இஞ்சின் ஓட ஓட மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அணைத்தாள். மறுபடி திருகினாள், எரிந்து அணைந்தது.

"இதுக்கு அந்த டேப்பே பரவால்ல," என்றாள். "டேப்பு ஒட்டினா கீழ எரியுதுன்னு எனக்காவது தெரியும். இப்ப அதுவும் தெரியாது. நாளைக்கே நிஜமாச் சரியாயிடுச்சுன்னாகூட எனக்குத் தெரியாது. இறக்கத்துல ஒவ்வொருவாட்டி பிரேக்கு போடறப்பவும், இது பிடிக்குமா பிடிக்காதான்னே போட்டுக்கிட்டிருப்பேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, விடு. வேற வழி என்ன இருக்கு. சீட்டு வேணும்ல."

பேரிங் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"மச்சான், அதை எல்லாம் பழையபடி பண்ணிடு."

"என்ன மாமா, இப்பத்தானே..."

"பேரிங்கைத் திருப்பிப் போட்டிருக்கேன்."

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதை அணைத்தாள்.

"யாரு?" என்று கேட்டான் மச்சினன், காதில் விழாதது மாதிரி.

"நான்தான்டா. நான். காந்தம் உள்பக்கம் இருக்கணும். வெளிப்பக்கம் போட்டுட்டேன்."

மச்சினன் நாலு நாள் பேச்சு வாங்கியவன். வெட்டிய வயர் இன்னும் பையில் இருந்தது. அவன் என்ன சொன்னாலும் தகும் என்றுதான் நினைத்தேன். அவன் மாமாவைப் பார்த்தான், காரைப் பார்த்தான்.

"நம்பர் வெளிய தெரியணும்னுதானா?"

பேரிங் தலையாட்டினார். அவ்வளவுதான், மச்சினனுக்குச் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்து இருமினான். "புது பேரிங் நான் போய் வாங்கிட்டு வர்றேன். நீங்க நக்கிளைக் கழட்டி வைங்க," என்று தன் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். ஒரு முறை இறக்கிய பேரிங்கைப் பிடுங்கினால் அதன் உள்பக்கம் கெட்டுவிடும். திருப்பிப் போட முடியாது, புதுசுதான் வேண்டும்.

அதற்குப் பிறகு வேலை நடந்தது. நாலு நாளில் முதல் தடவையாக வேலை என்று சொல்லத்தக்க வேலை. சாயங்கால டிரிப்புக்கு அக்கா அதே இரவல் வண்டியில் போய்வந்தாள். நான் சக்கரத்தைக் கழற்றினேன். அவர் பிரேக்கைக் கழற்றித் தொங்கவிட்டு, பேரிங்கைத் தாங்குகிற நக்கிள் என்ற இரும்புத் துண்டை உருவி, பிரஸ்ஸில் வைத்து அழுத்தினார். பேரிங் படாரென்று வெளியே வந்தது. இரண்டே வாரம் ஓடிய புது பேரிங். மச்சினன் கொண்டுவந்ததை ஊசியால் ஒன்றுக்கு நாலு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறக்கினார். இந்தத் தடவை நம்பர் உள்ளே போய்விட்டது. அது அவருக்குப் பொறுக்கவில்லை. வெள்ளைப் பெயிண்டை எடுத்து நக்கிளின் வெளிப்பக்கத்தில் நம்பரை எழுதினார். பக்கத்தில், 'ஊசி ஒட்டும் பக்கம் உள்ளே' என்றும் எழுதினார். "அடுத்தவன் படிக்கணும்ல," என்று எனக்குக் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார்.

பொழுது சாய்வதற்குள் வண்டி தரையில் நின்றது. விளக்கு வயர்களையும் மச்சினன் பழையபடி ஆக்கியிருந்தான். அக்கா ஓட்ட, பேரிங் பக்கத்தில், நாங்கள் இருவரும் பின்சீட்டில். கிளம்பும்போது இரண்டும் எரிந்துகொண்டுதான் இருந்தன. தெருமுனை திரும்பினோம், எரிந்தது. முள் இருபதைத் தாண்டியது. ஒன்று அணைந்தது, அடுத்த நொடி மற்றதும்.

யாரும் கைதட்டவில்லை. அக்கா அப்படியே இறக்கம்வரை போனாள். ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து பிரேக்கை மிதித்தாள். காலடியில் கடகடவென்று ஒரு துடிப்பு, பெட்டி பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிற துடிப்பு. வண்டி நேராக நின்றது. இன்னொரு தடவை போய் இன்னொரு தடவை மிதித்தாள். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை, நானே மறுபடி போகலாம் என்று கேட்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மச்சினன் வந்து கேமராவை மாட்டிவிட்டுப் போனான். பதினொரு மணிக்குச் சோதனை. பன்னிரண்டரைக்கு அக்கா திரும்பி வந்தாள். சீட்டைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தாள். பேரிங் வாசலுக்கு வந்தார்.

"லைட்டு?"

"எரியல."

அவர் போகவில்லை. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் காற்றுக் குழாயை நிறுத்தினேன்.

"அக்கா, குழி... குழியில நீ இறக்கல."

"அது எனக்குத் தெரியும்."

"சொல்லணும்ல."

"சொல்லணும்தான்." அக்கா இறங்கி ஸ்டீயரிங் கம்பியில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பைப் பிய்த்தாள். "நான் ரெண்டு வாரம் மறைச்சேன். நீ எவ்வளவு நேரம்டா மறைச்ச?"

அரைமணி நேரம் என்று சொல்லியிருக்கலாம். இல்லவே இல்லை, தெரிந்ததும் சொன்னேன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அவர் என் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அக்காவும் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் டயரைப் பார்த்தேன்.

"ஒண்ணே முக்கா மணி நேரம்," என்றார்.

அக்கா டேப்பை இரண்டாகக் கிழித்தாள். ஒரு துண்டை அவர் சட்டைப்பையின் மேல் ஒட்டினாள். பிறகு தடுப்பைச் சுற்றிக்கொண்டு என் கடைக்குள் வந்து நின்றாள்.

"நீ?"

"நானும் அவ்வளவு நேரம்தான் அக்கா," என்றேன்.

மற்ற துண்டை என் சட்டையில் ஒட்டிவிட்டு, மாடிச் சாவியை எடுத்துக்கொண்டு அவள் சமைக்கப் போனாள். சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிவரும்வரைக்கும் அதைப் பிய்க்க எங்கள் இருவருக்கும் கை வரவில்லை.